ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

2009இல் வாங்கிய எங்கள் சான்ட்ரோ காரை விற்க எனக்கு மனமில்லை. 15 ஆண்டு முடிந்ததும் 2024இல் தகுதிச் சோதனைக்குக் காட்டி, 5,000 ரூபாய்க் கட்டணமும் பசுமை வரியும் செலுத்தி, ஆர்.சி.யை மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கிறேன். பழைய வண்டி என்றாலே எந்தக் கோளாறையும் சொல்லி நம்ப வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் நான் ஏமாந்தேன்.

சென்ற மே மாதம் சென்னை கத்திப்பாரா அருகே நெரிசலில் நின்றபோது வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வழக்கமான மெக்கானிக் ஊரில் இல்லாததால் அசோக் நகர்ப் பக்கம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் செய்ய (பரப்பைச் சமமாகச் சீவ) வேண்டும், அதோடு டைமிங் பெல்ட்டையும் (வால்வுகளை இயக்கும் பட்டை, அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும்) மாற்றிவிடலாம் என்று சொல்லி உரிமையாளர் 38,000 ரூபாய் கேட்டார். நான் தயங்கியதும், 15 ஆண்டு தாண்டிய வண்டியை எப்படியும் அரசு உடைத்துவிடும், 40,000 ரூபாய்க்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வயதைக் காரணம் காட்டித் தனியார் வண்டியை நிறுத்தும் கட்டுப்பாடு டெல்லிப் பகுதிக்கு உரியது, ஆர்.சி. புதுப்பித்த கார் சென்னையில் தாராளமாக ஓடலாம். அந்தப் பொய்யைக் கேட்டபோதே நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஆனால் பணத்தைக் கட்டினேன். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்றார்.

இரண்டே வாரத்தில் கிண்டி சிக்னலில் முள் மறுபடியும் ஏறியது. ஊர் திரும்பியிருந்த எங்கள் மெக்கானிக், எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பார்த்தார். ரேடியேட்டர் விசிறி சுற்றவே இல்லை. அதன் மோட்டார் எரிந்திருந்தது. ஜி.பி. ரோட்டில் மோட்டார் வாங்கி மாட்டியதற்குக் கூலியோடு 2,600 ரூபாய் ஆனது. பிறகு அவர் காட்டியதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. ஹெட் சேரும் விளிம்பில் பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கு கலையாமல் இருந்தது. ஹெட்டோடு சேர்ந்திருக்கும் புகைக்குழாய்ப் பகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட்டுகளின் துருவில் ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. அதாவது, ஹெட்டைக் கழற்றவே இல்லை. மூடியைத் திறந்தால் வெடிப்பு விட்ட பழைய டைமிங் பெல்ட். புதுப் பெல்ட் என்று நம்பி அதோடு நான் குடும்பத்தைத் திண்டிவனம் வரை அழைத்துச் சென்று வந்திருக்கிறேன்.

ஹெட் கேஸ்கெட் உண்மையிலேயே போயிருந்தால், பெரும்பாலும் ஒழுகலே தெரியாமல் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறையும், ஆயில் பால் கலந்த காபி போல மாறும், புகைக்குழாயில் வெண்புகை நிற்காமல் வரும். எங்கள் வண்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும் என்பதால், ஈ.சி.ஆர். போன்ற நெடுஞ்சாலையில் ஏறாத முள் சிக்னலில் ஏறுகிறது என்றால் முதலில் விசிறியைப் பாருங்கள். ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், கழற்றிய நிலையில் நேரில் பார்க்காமல் பணம் தராதீர்கள்.

அந்த அசோக் நகர் உரிமையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பாகங்களின் பெயரும் விலையும் எழுதிய ரசீதும், மெக்கானிக் எடுத்த படங்களும் என்னிடம் உள்ளன. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். என் மனு தயாராகிவிட்டது, வரும் திங்கட்கிழமை தாக்கல் செய்கிறேன்.