டிவிபி-டி2 என்று சொல்லி விற்கப்படும் பழைய டிவிபி-டி டியூனர்: கணினியில் வசந்தம் பார்க்க நினைப்பவர்கள் கவனிக்கவும்

சிங்கப்பூரில் வரவேற்பறை டிவிக்குப் பக்கத்தில் சிறு கணினி ஒன்றை வைத்து, தமிழ் ஒளிவழியான வசந்தம் முதலான இலவச ஒளிவழிகளை (டிவி சேனல்களை) அதிலேயே பார்க்கவும் பதிவு செய்யவும் விரும்புகிறவர்களுக்கான எச்சரிக்கை இது. அதற்குக் கணினியில் செருகும் டியூனர், ஆன்டெனா வழியாக வரும் டிஜிட்டல் ஒளிபரப்பின் புதிய முறையான டிவிபி-டி2 தெரிந்ததாக இருக்க வேண்டும்; டிவிபி-டி என்பது அதற்கு முந்தைய முறை. மலேசியாவிலும் இதே டிவிபி-டி2 முறைதான் என்பதால் ஜொகூரில் இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நடந்தது. "டிவிபி-டி2, முழு எச்டி, கணினிக்கானது" என்று விளம்பரம் செய்யப்பட்ட யூஎஸ்பி டியூனரை 35 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினார்கள். ஸ்கேன் செய்தால் ஓர் ஒளிவழிகூடக் கிடைக்கவில்லை. கடையில் கேட்டதற்கு டிரைவரை மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் வரவில்லை. அடுத்து, உங்கள் வீட்டில் சிக்னல் பலவீனம் என்று 28 வெள்ளிக்கு ஒரு பூஸ்டரைத் (சிக்னல் பெருக்கியைத்) தலையில் கட்டினார்கள். அதற்கும் அசையவில்லை என்றதும் சன்னலில் மாட்டும் பெரிய ஆன்டெனா வாங்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, மாற்றித் தரும் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அந்த டியூனரைச் சோதித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது ஆர்டிஎல்2832யூ சிப். அதற்கு டிவிபி-டி2 தெரியவே தெரியாது. சிக்னலில் எந்தக் குறையும் இல்லை.

இங்கே 2013 டிசம்பரில் டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியதே டிவிபி-டி2 முறையில்தான். 2019 தொடக்கத்தில் பழைய அனலாக் ஒளிபரப்பும் நின்றுவிட்டது. ஆக, டிவிபி-டி மட்டும் தெரிந்த டியூனருக்கு இந்தத் தீவில் பிடிப்பதற்கு எதுவுமே இல்லை. அப்படிப்பட்ட சரக்குதான் பெயரில் ஒரு "2" சேர்ந்து இங்கே வருகிறது.

டிரைவரை மாற்றினால் சரியாகும் என்பது அப்பட்டமான பொய். வழியில் சிதைந்த தரவைச் சரிசெய்யும் பிழைதிருத்தமே இரண்டு முறைகளுக்கும் வேறு. டிவிபி-டி பயன்படுத்துவது ரீட்-சாலமன் குறியீடும் கன்வல்யூஷன் குறியீடும். டிவிபி-டி2 பயன்படுத்துவது எல்டிபிசி, பிசிஎச் என்ற வேறு குறியீடுகள். துணை அலைகளின் எண்ணிக்கை பழையதில் 8கே வரை, புதியதில் 32கே வரை. பண்பேற்றம் (அலையில் தரவை ஏற்றும் முறை) பழையதில் 64 நிலைகள் கொண்ட கியூஏஎம்மோடு நின்றுவிடும், புதியதில் 256 வரை போகும். இவ்வளவையும் அவிழ்ப்பது, அலையிலிருந்து தரவைப் பிரித்தெடுக்கும் டிமாடுலேட்டர் சிப்பின் வன்பொருள் சுற்று. சிப்பில் இல்லாததை டிரைவர் கொண்டுவர முடியாது.

இதே சிப்பை ரேடியோ ஆர்வலர்கள் எஸ்டிஆர் (அலையைக் கணினி மென்பொருளால் அவிழ்க்கும் ரேடியோ) கருவியாகப் பயன்படுத்துகிறார்களே, மென்பொருளில் அவிழ்த்துக்கொள்ளலாமே என்று சில விற்பனையாளர்கள் மடக்குவார்கள். அந்த வழியில் இந்தச் சிப் கணினிக்கு நம்பகமாக அனுப்பக்கூடியது நொடிக்குச் சுமார் 24 லட்சம் மாதிரிகள், அதாவது ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம். இங்குள்ள அலைவரிசை ஒவ்வொன்றின் அகலமும் 8 மெகாஹெர்ட்ஸ். மூன்றில் ஒரு பங்கைக்கூட முழுதாக அள்ளாத கருவியால் மீதியை ஊகித்துப் படம் காட்ட இயலாது.

ஏமாந்தது தெரியாமல் மக்கள் பூஸ்டர் வாங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டியூனரோடு வரும் மென்பொருளில் இரண்டு பட்டைகள் இருக்கும்: வலிமை, தரம். அந்த ஈசூன் வீட்டில் வலிமை 90-ஐத் தாண்டி நின்றது, தரம் 0. வலிமையைச் சொல்வது முன்னால் இருக்கும் ஆர்எஃப் டியூனர் சிப், அதாவது ரேடியோ அலையைப் பிடிக்கும் சிப். அந்த அலைவரிசையில் ஏதாவது ஆற்றல் இருந்தாலே அது பட்டையை உயர்த்திக் காட்டும், ஒளிபரப்பு எந்த முறை என்று அதற்குக் கவலையில்லை. அதை அவிழ்க்க வேண்டிய டிமாடுலேட்டருக்கு மொழி புரியாததால் லாக் (சிக்னலைப் பற்றிக்கொள்வது) விழாது. வலிமை நிறைய, தரம் சுத்தமாகப் பூஜ்யம், எல்லா அலைவரிசையிலும் அப்படியே என்றால் முதல் சந்தேகம் சிப்பின் மேல்தான் வர வேண்டும். உண்மையிலேயே சிக்னல் பலவீனமாக இருந்தால் வலிமை தாழ்ந்திருக்கும், தரம் ஏறி இறங்கும், ஒன்றிரண்டு ஒளிவழிகளாவது கட்டம் கட்டமாக உடைந்து தெரியும்.

டியூனர் கைக்கு வந்த அன்றே இதைச் சோதித்துவிடுங்கள். பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டியூனரின் பண்புகளில் "ஹார்ட்வேர் ஐடி" பகுதியைப் பாருங்கள். ரியல்டெக் நிறுவன அடையாளத்தோடு சாதன எண் 2838 என்றிருந்தால் பெரும்பாலும் ஆர்டிஎல்2832யூ, வெறும் டிவிபி-டி. லினக்ஸில் இன்னும் தெளிவாகத் தெரியும். டியூனரைச் செருகியதும் கெர்னல் பதிவில் அது அறிவிக்கும் ஃப்ரன்ட்எண்டின் (சிக்னலை வாங்கி அவிழ்க்கும் பகுதியின்) பெயரைப் படியுங்கள். "ரியல்டெக் ஆர்டிஎல்2832" ஒன்று மட்டுமே இருந்தால் கதை முடிந்தது. பானசோனிக் எம்என்88472, எம்என்88473, சோனி சிஎக்ஸ்டி2837, சிலிக்கான் லேப்ஸ் எஸ்ஐ2168 இவற்றில் ஒன்று தெரிந்தால் டிவிபி-டி2 உண்டு. டிவிபி-எஃப்இ-டூல் (dvb-fe-tool) என்ற கட்டளை, சாதனத்துக்குத் தெரிந்த ஒளிபரப்பு முறைகளைப் பட்டியலாகவே தரும். அந்தப் பட்டியலில் டிவிபிடி2 இல்லையென்றால் அதைப் படம் எடுத்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உறையைப் பிரித்துப் பார்ப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த தடம் தெரிந்தாலே கடைக்காரருக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும். பிரித்துத்தான் ஆக வேண்டுமென்றால், போலியில் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகத்துக்கு அருகில் இரண்டே சிப்கள் இருக்கும்: சிறிய ஆர்எஃப் டியூனர் ஒன்று, ஆர்டிஎல்2832யூ ஒன்று. ரியல்டெக் வகை அசல் டி2 பலகையில் ஆர்எஃப் டியூனரும் ரியல்டெக் சிப்பும் போக, தனி டிமாடுலேட்டர் ஒன்று கூடுதலாக இருக்கும்.

வெளி உறையை நம்பவே வேண்டாம். ஒரே அச்சில் வார்த்த உறைக்குள், ஒரு தொகுதியில் ஒரு சிப், அடுத்த தொகுதியில் வேறு சிப் வருகிறது. தொலைக்காட்சிக்கும் செட்டாப் பெட்டிக்கும் டிவிபி-டி2 அடையாள வில்லை ஒட்டி விற்கிறார்கள், ஆனால் இப்படிப்பட்ட யூஎஸ்பி டியூனர்களில் அது கண்ணில் படுவது அரிது. வாங்குவதற்கு முன் டிமாடுலேட்டர் சிப்பின் பெயரைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். எஸ்ஐ2168 சிப் கொண்ட ஹாப்பாக் வின்டிவி-சோலோஎச்டி போன்றவை விலை கூடுதல்தான், ஆனால் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒழுங்காக வேலை செய்கின்றன.

பூஸ்டர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் அசல் டியூனர் வைத்திருப்பவர்களும் இதில் பணத்தை இழக்கிறார்கள். பூஸ்டர் சிக்னலை மட்டும் பெருக்குவதில்லை, உள்ளே வந்த இரைச்சலையும் பெருக்கி, தன் இரைச்சலையும் சேர்த்துவிடும். படம் வருவதற்கு வேண்டியது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. 256 கியூஏஎம் ஒளிபரப்புக்கு அது தோராயமாக 20 டெசிபெல் இருக்க வேண்டும். கணினிக்குப் பக்கத்தில் பூஸ்டரை வைத்தால் இந்த இடைவெளி அதிகரிக்காது. ஆன்டெனாவின் அடியிலேயே பொருத்தி, அதன்பின் நீண்ட கேபிளோ சிக்னலைப் பிரிக்கும் ஸ்பிளிட்டரோ இருந்தால் மட்டுமே பலன். ஆர்ஜி6 வகை ஆன்டெனா கேபிள் இந்த அலைவரிசைகளில் 10 மீட்டருக்குச் சுமார் ஒன்றரை டெசிபெல்தான் இழக்கும், இருவழி ஸ்பிளிட்டர் சுமார் மூன்றரை. ஓர் அறைக்குள் 5 மீட்டர் கேபிள் ஓடும் வீட்டில் பூஸ்டருக்கு வேலையே இல்லை. ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டிலோ அது டியூனரை மூச்சுமுட்ட வைத்து, வந்துகொண்டிருந்த படத்தையும் கெடுக்கும். மின்சாரம் கொடுக்காமல் இடையில் செருகி வைத்த பூஸ்டரும் சிக்னலை அடைத்துவிடும்.

"4கே ஆன்டெனா", "500 கிலோமீட்டர் தூரம் பிடிக்கும்" என்பவற்றையும் நம்பாதீர்கள். ஆன்டெனாவுக்கு 4கே, எச்டி என்ற பேதம் கிடையாது, அது பிடிப்பது யூஎச்எஃப் ரேடியோ அலையை. இந்தத் தீவே கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் அளவுதான்.

டியூனர் அசல்தான், ஆனாலும் படம் வரவில்லை என்றால் முதலில் அதே கேபிளை டிவியின் ஆன்டெனாத் துளையில் செருகிப் பாருங்கள். டிவியில் எல்லாம் வந்தால் ஆன்டெனாவை விட்டுவிட்டுக் கணினியைக் கவனியுங்கள். ஸ்கேன் அமைப்பில் பல மென்பொருள்கள் டிவிபி-டி என்றே தொடங்கும். டி2 என்றும் அகலம் 8 மெகாஹெர்ட்ஸ் என்றும் மாற்ற வேண்டும், பிஎல்பி (டி2 ஒளிபரப்புக்குள் இருக்கும் தரவுக் குழாய்) எண் கேட்டால் 0 கொடுத்துப் பாருங்கள். ரியல்டெக்கோடு பானசோனிக் சிப் சேர்ந்த டியூனர்களில் டிவிஹெட்எண்ட் என்ற டிவி சர்வர் மென்பொருள் இரண்டு ஃப்ரன்ட்எண்ட் காட்டும். பழைய டிவிபி-டி ஃப்ரன்ட்எண்டை அணைத்து, டி2 உள்ளதை மட்டும் இயக்குங்கள். இதைச் செய்யாமலேயே நல்ல டியூனரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. எஸ்ஐ2168-க்கு லினக்ஸில் ஃபர்ம்வேர் கோப்பு தேவை. அது இல்லையென்றால் சாதனம் பட்டியலில் தெரியும், லாக் மட்டும் விழாது. கோடி என்ற ஊடக மென்பொருளை இயக்கும் லினக்ஸ் வகையான லிப்ரஎலெக்கில் அந்தக் கோப்பு சேர்ந்தே வருகிறது. கோடி மென்பொருள் தானாக ஸ்கேன் செய்யாது, அதற்குப் பின்னால் டிவிஹெட்எண்டோ அதைப் போன்ற நெக்ஸ்ட்பிவிஆரோ ஓட வேண்டும்.

டியூனரை நேராகக் கணினியின் யூஎஸ்பி 3 துளையில் செருகுவதும் தொல்லை. அந்தத் துளையும் எச்டிஎம்ஐ கேபிளும் உமிழும் இரைச்சல் டியூனருக்கு அருகிலேயே இருக்கிறது. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளி வைத்தாலே தரப்பட்டை ஏறுவதைப் பார்க்கலாம். படம் திக்கித் திக்கி ஓடினால், டிவிஹெட்எண்டின் நிலைப்பக்கத்தில் தொடர்ச்சிப் பிழை (வழியில் தொலைந்த தரவு) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் ஆன்டெனா குற்றவாளி அல்ல. திரையை 60 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்கு மாற்றுங்கள், வரி விட்டு வரியாக வரும் படத்தை ஒன்றுசேர்க்கும் டிஇன்டர்லேசிங்கை இயக்குங்கள்.

இனி, ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு. கடைக்கு எழுதும்போது "படம் வரவில்லை" என்று எழுதாதீர்கள். அந்த வார்த்தைதான் கடைக்காரருக்கு வேண்டியது, உடனே பழியை உங்கள் வீட்டுச் சிக்னல் மேல் போட்டுவிடுவார். "விளம்பரத்தில் உள்ள டிவிபி-டி2 வசதி இந்தச் சாதனத்தில் இல்லை" என்று எழுதுங்கள். விளம்பரப் பக்கத்தின் படம், பெட்டியின் படம், ரசீது, சாதன எண் தெரியும் கணினித் திரையின் படம் நான்கையும் இணையுங்கள். விளம்பரப் பக்கத்தை முதல் வேலையாகப் படம் பிடியுங்கள், புகார் போனதும் வாசகத்தை மாற்றிவிடுவார்கள். பூஸ்டரும் ஆன்டெனாவும் அதே கடையின் பேச்சைக் கேட்டு வாங்கியவை என்றால் அவற்றின் விலையையும் சேர்த்தே கேளுங்கள்.

மாற்றித் தரும் கெடு முடிந்தது என்பது கடை தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டத்தின்படி, கொடுத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. முதலில் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அதிலும் தீராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இரண்டு ஆண்டுக்குள் கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மலேசியாவில் இருப்பவர்களுக்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், கட்டணம் 5 ரிங்கிட். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் இந்த மன்றங்கள் கைகொடுப்பது கடினம். அப்போது வாங்கிய தளத்தின் புகார்க் கெடு முடிவதற்குள் மேற்சொன்ன நான்கு படங்களோடு பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடமும் அதே படங்களைக் கொடுத்து மறுப்புப் பதிவு செய்யுங்கள்.