மேனுவலைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்: கார், பைக், ஜெனரேட்டர், இன்னும் சில

வண்டி வாங்கும்போது சாவி, டூல் கிட், ஸ்டெப்னி எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்குகிறவர்கள்கூட மேனுவலைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிளவ் பாக்ஸில் போட்டு மூடிவிடுவார்கள். பல வருடம் கழித்து வண்டியை விற்கும்போது அது அதே உறையோடு கைமாறும். ஒரு கார், ஒரு பைக், ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர், புல் வெட்டும் ஒரு பிரஷ் கட்டர், ஒரு வாஷிங் மெஷின் ஆகியவற்றின் மேனுவல்களை நான் வருடக்கணக்கில் உண்மையிலேயே எடுத்துப் புரட்டி வருகிறேன். வண்டிகளுக்கு ரிவ்யூ எழுத ஏராளமானோர் இருக்கிறார்கள். இது வண்டியோடு வந்த புத்தகத்துக்கான ரிவ்யூ.

அட்டையிலிருந்து அட்டை வரை படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கார் மேனுவல் நானூறு, ஐந்நூறு பக்கம் போகும். ஒரே புத்தகத்தை எல்லா வேரியன்ட்டுக்கும் பொதுவாக அச்சடித்திருப்பார்கள்; அதில் பாதி நம் வண்டியில் இல்லாத வசதிகளைப் பற்றியதாக இருக்கும். தொடக்கத்தில் பக்கம் பக்கமாக எச்சரிக்கை. அதைப் பார்த்ததும் மூடி வைக்கத் தோன்றுவது இயல்புதான். என் பழக்கம் இது: வாங்கிய அன்று ரன்னிங்-இன் பகுதி (புது வண்டியைத் தொடக்கத்தில் எப்படி ஓட்டிப் பழக்குவது என்பது), டேஷ்போர்டு விளக்குகள், பின்னால் உள்ள அளவுகளின் பட்டியல், இந்த மூன்று மட்டும். ஒரு மாதம் போல ஓட்டிய பிறகு மறுபடி எடுப்பேன். இந்த இரண்டாவது வாசிப்பில்தான் லாபம் அதிகம். அதற்குள் 'இந்தச் சத்தம் ஏன் வருகிறது', 'இந்தப் பொத்தான் எதற்கு' என்று நம்மிடமே கேள்விகள் சேர்ந்திருக்கும். கேள்வியோடு போனால் அந்த வறண்ட நடைகூட உறுத்தாது.

டயர் காற்றில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அடிக்கடி செய்வது அது. டயரின் பக்கவாட்டில் ஒரு அழுத்த எண் பொறித்திருக்கும். பலர் அதுதான் நிரப்ப வேண்டிய அளவு என்று நினைக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கும் உச்சவரம்பு. அதே டயர் வேறு எடையுள்ள வேறு காரிலும் மாட்டப்படும், அந்தக் காருக்கு வேறு அளவு. நம் வண்டிக்கான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று, ஆள் நிறைய ஏறினால் இன்னொன்று என்று பிரித்தே போட்டிருப்பார்கள். இவ்வளவும் ஸ்டிக்கரே சொல்லிவிடும். மேனுவல் கூடுதலாகச் சொல்வது, அந்த எண் குளிர்ந்த டயருக்கானது என்பது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டி, அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வண்டி என்று கணக்கு. நீண்ட தூரம் ஓட்டிவிட்டு அளந்தால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் குறைந்த காற்றோடு நிற்கும். 'சூடான டயரில் காற்றைக் குறைக்காதீர்கள்' என்ற வரி அநேகமாக எல்லா மேனுவலிலும் இருக்கிறது. காற்றடிக்கும் இடத்தில் கேட்டால் 'எல்லா காருக்கும் முப்பத்தைந்து' என்றுதான் பதில் வரும்.

பைக்கில் ஆயில் அளவு பார்ப்பது இதைவிட நுணுக்கமான விஷயம். என் பைக்கின் மேனுவல் இப்படிச் சொல்கிறது: இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓட விடு, நிறுத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறு, சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்து, டிப்ஸ்டிக்கைக் கழற்றித் துடை, மறுபடி நுழை, ஆனால் திருகாதே. இந்தக் கடைசிச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியே கொஞ்சம்தான். திருகி இறக்கினால் குச்சி சில மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போகும். குறைவாக இருக்கும் ஆயிலும் போதுமானதாகத் தெரியும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தாலும் கணக்கு பிசகும். வேடிக்கை என்னவென்றால், முழுக்கத் திருகியபின் அளக்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு. சிலவற்றில் டிப்ஸ்டிக்கே இருக்காது, கண்ணாடி வட்டம் மட்டும்தான். ஆக, பொது அறிவை நம்பி இதைச் செய்ய முடியாது. அந்தந்த வண்டியின் புத்தகம் சொல்வதுதான் அளவு.

ஊற்ற வேண்டிய ஆயிலிலும் அப்படித்தான். ஆயிலின் தடிமனைக் குறிக்கும் 10டபிள்யூ-30 என்ற எண்ணை மட்டும் பார்த்து, காருக்கு வாங்கிய ஆயிலில் மீந்ததைப் பைக்கில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண் பொருந்தும். ஆனால் பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி இயங்குகின்றன. எரிபொருள் மிச்சமாவதற்காகச் சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. அவை கிளட்சை வழுக்க வைக்கலாம். அதற்காகத்தான் பைக் மேனுவலில் எண்ணோடு கூடவே ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 தரம் என்று போட்டிருப்பார்கள். உலர் கிளட்ச் உள்ள கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு எம்.பி. ஒரே எழுத்து வித்தியாசம், டப்பாவின் பின்பக்கம் சின்னதாக இருக்கும்.

எனக்கு அதிகம் பயன்பட்ட பக்கம் எது என்று கேட்டால், பராமரிப்பு அட்டவணையின் அடியில் இருக்கும் அடிக்குறிப்பு என்பேன். அட்டவணையில் ஆயில் மாற்றும் இடைவெளி 10,000 கிலோமீட்டர் என்று இருக்கும். எல்லோரும் மனதில் வைத்திருப்பது அந்த எண்ணைத்தான். அதற்குக் கீழே 'கடுமையான சூழலில் ஓட்டினால்' என்று ஒரு தனிப் பட்டியல் வரும்: குறைந்த தூரமே ஓட்டி ஓட்டி நிறுத்துவது, தூசி நிறைந்த சாலை, நெரிசலில் நெடுநேரம் இன்ஜின் ஓட நிற்பது, மலை ஏற்றம், பாரம் இழுப்பது. இவற்றில் ஒன்று பொருந்தினாலே இடைவெளி குறைகிறது, பல வண்டிகளில் பாதியாகிறது. தூசியும் மலையும் சரி, குறைந்த தூரம் ஓட்டுவது எப்படிக் கடுமையாகும்? இன்ஜின் சரியாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால் ஆயிலில் கலக்கும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போவதில்லை, அதிலேயே தங்கிவிடுகின்றன. 'என் வண்டி கடைக்கும் வீட்டுக்கும்தான் போகிறது, ரொம்ப மென்மையாக ஓட்டுகிறேன்' என்று பெருமைப்படுகிறவரின் வண்டிதான் மேனுவலின் கண்ணில் கடுமையாக ஓடும் வண்டி. நகரத்தில் ஓட்டும் நம்மில் பலரும் அந்த அடிக்குறிப்புக்குள்தான் வருகிறோம்.

அதே அட்டவணையில் 'கிலோமீட்டர் அல்லது மாதம், எது முதலில் வருகிறதோ' என்று இருப்பதையும் கவனியுங்கள். பிரேக் ஆயிலுக்கு இது மிக முக்கியம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய நிலைக்கு அந்தத் தரமே 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது ஆயில் சூடாகிக் கொதித்தால் பிரேக் மிதி தளர்ந்துவிடும்; இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். ஓட்டாமல் நிற்கும் வண்டியிலும் ஈரம் ஏறத்தான் செய்யும். பல மேனுவல்கள் இரண்டு வருடக் கெடு வைப்பது அதனால்தான்.

டேஷ்போர்டு விளக்குகள் பற்றி நீட்டவில்லை. சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் பார், பச்சையும் நீலமும் வெறும் தகவல். இரண்டு விஷயம் மட்டும் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆயில் கேன் விளக்கு பெரும்பாலும் ஆயில் அழுத்தம் போய்விட்டதைச் சொல்வது, அளவு குறைந்ததை அல்ல. அது எரிந்தால் 'பக்கத்தில் மெக்கானிக் இருக்கிறார், அதுவரை போய்விடலாம்' என்ற பேச்சே கூடாது, ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவதும் விட்டு விட்டு மின்னுவதும் ஒன்றல்ல. மின்னினால் சிலிண்டரில் எரிய வேண்டிய பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள்; அப்படியே ஓட்டினால் புகையைச் சுத்தப்படுத்தும் விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விடும்.

வண்டியைவிட மற்ற இயந்திரங்களின் மேனுவல்கள் மெலிதானவை. ஆனால் அவற்றைப் படிக்காமல் விட்டால் சேதம் முதல் நாளிலேயே நடக்கும். ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் ஆயில் ஊற்றாமல்தான் பெட்டியில் வருகின்றன. முதல் ஆயில் மாற்றத்தை முதல் மாதத்திலோ முதல் 20 மணி நேர ஓட்டத்திலோ செய்யச் சொல்கிறது என்னுடைய மேனுவல். அப்புறம் ஆறு மாதம் அல்லது 100 மணி நேரம். எப்போதாவது ஓடும் இயந்திரம்தானே என்று விட்டுவிடுவதற்கு வசதியான விஷயம் இது. நான் அதன் உடம்பிலேயே மார்க்கரால் மணிக்கணக்கு எழுதி வருகிறேன். வீட்டுக்குள்ளோ, ஷெட்டைத் திறந்து வைத்துக்கொண்டோகூட ஓட்டக் கூடாது என்று பெரிய எழுத்தில் இருப்பதைச் சம்பிரதாய எச்சரிக்கை என்று தாண்டிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பிரஷ் கட்டர் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். என்னுடையதற்கு 50:1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். 'கொஞ்சம் கூடவே ஊற்று, நல்லதுதான்' என்று அறிவுரை சொல்ல ஆள் இருக்கிறது. கூடினால் புகையும், பிளக் அடைக்கும், குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷினில், கொண்டு வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்னால் போல்ட்டுகள் மாட்டியிருப்பார்கள். கழற்றாமல் சுழல விட்டால் மெஷின் அறை முழுக்க நடந்து போகும். கழற்றிய போல்ட்டுகளை மேனுவல் உறையிலேயே போட்டு வையுங்கள், வீடு மாற்றும்போது வேண்டும்.

குறைகளும் சொல்ல வேண்டும். முதல் குறை, 'அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும்' என்ற வரி. நான்கு பக்கம் ஆர்வமாகப் படித்து வந்தால் கடைசியில் இதுதான் நிற்கும். நமக்குக் கிடைப்பது உரிமையாளருக்கான புத்தகம். பிரித்து மாட்டும் விவரம் ஒர்க்‌ஷாப் மேனுவலில்தான் இருக்கும், அது வேறு. இரண்டாவது, வழக்குக்குப் பயந்து எழுதிய எச்சரிக்கைகள் அதிகமாகி, உண்மையாகவே உயிர்போகும் எச்சரிக்கை அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோவது. அபாயம், எச்சரிக்கை, கவனம், அறிவிப்பு என்று நான்கு படிநிலை வைத்திருக்கும் மேனுவல்கள் பரவாயில்லை: முதல் இரண்டும் உயிருக்கும் பெரிய காயத்துக்கும், மூன்றாவது சிறு காயத்துக்கும், கடைசி பொருள் சேதத்துக்கும். எது எந்தப் படி என்று தெரிந்துகொண்டால் முதல் இரண்டை மட்டும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். மூன்றாவது, 'ஆயுள் முழுவதற்கும் போதும்' என்று சில கியர்பாக்ஸ் ஆயில்களைப் பற்றி எழுதுவது. யாருடைய ஆயுள் என்று சொல்வதில்லை. இந்த ஒன்றில் மட்டும் நான் புத்தகத்தைவிட அனுபவமுள்ள மெக்கானிக் பேச்சைத்தான் கேட்பேன்.

மெக்கானிக்கோடு மல்லுக்கட்டுவதற்கான ஆயுதமும் அல்ல இது. தேய்மானம், சத்தம், வாசனை இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எண்கள் புத்தகத்துக்குத் தெரியும். 'ஆயில் மாத்துங்க' என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதில், எந்தத் தரம், எத்தனை லிட்டர் என்று மேனுவல் பக்கத்தைப் போனில் காட்டிச் சொன்னால் நல்ல மெக்கானிக் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஃபில்டரோடு மாற்றினால் ஒரு அளவு, ஃபில்டர் இல்லாமல் என்றால் வேறு அளவு என்பதும் அதே வரியில் இருக்கும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். புத்தகம் இல்லாவிட்டால் பெரும்பாலான நிறுவனங்களின் தளத்தில் பி.டி.எஃப். கிடைக்கும். மாடல் பெயரை மட்டும் பார்த்து இறக்காதீர்கள். ஒரே பெயரில் தலைமுறை மாறும்போது இன்ஜின் மாறும், ஆயில் அளவு மாறும், ஃபியூஸ் வரிசைகூட மாறும். ஆண்டும் இன்ஜின் வகையும் பொருந்த வேண்டும். பி.டி.எஃப். வந்த பிறகு நான் அச்சுப் புத்தகத்தைக் கொஞ்சம் குறைவாகவே எடுக்கிறேன், தேடுவது அவ்வளவு எளிது.

புதிய கார்களில் மேனுவலைத் திரைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். பேட்டரி இறங்கினால் திரையும் இருட்டு, மேனுவலும் இருட்டு. இன்னொரு வேடிக்கை ரிமோட் சாவி. அதன் சின்ன பேட்டரி தீர்ந்தால் கதவு திறக்காது. சாவிக்குள்ளேயே ஒரு உலோகச் சாவி ஒளிந்திருக்கிறது, அதைக் கதவில் எந்த இடத்தில் நுழைக்க வேண்டும், உள்ளே போனபின் ரிமோட்டை எங்கே ஒட்டி வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று படத்தோடு மேனுவலில் இருக்கிறது. அந்த மேனுவல் பூட்டிய காருக்குள் இருக்கிறது. அந்தப் பக்கத்தையும், வேறொரு காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்ய ஒயர்களை எந்த வரிசையில் மாட்ட வேண்டும் என்ற பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.