ஈயமா, லித்தியமா? மின்கம்பி இல்லாத வீட்டுக்கு எந்த பேட்டரி

மின் இணைப்பே இல்லாத இடத்துக்குக் குடிபோகத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் சோலார் பேனலைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். பேனல் கணக்கு தப்பினால் பரவாயில்லை, இன்னும் இரண்டு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பேட்டரியில் தப்பினால் அப்படித் திருத்த முடியாது. ஈய-அமிலமா, லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டா என்ற கேள்விக்கு விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்து, மூன்றாம் வருடம் மறுபடி பணம் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

முதலில் சின்னக் கணக்கு. சிக்கனமான வீடு ஒன்று நாளுக்கு 3 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் இல்லாத 2 நாளைத் தாண்ட 6 யூனிட் கையிருப்பு வேண்டும். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும், அதனால் 12 யூனிட் கொள்ளளவு வாங்க வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி (ஒன்றில் 1.2 யூனிட்) என்றால் 10. ஒவ்வொன்றும் 30 கிலோவை ஒட்டி வரும். லித்தியத்தில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம் என்பதால் அதே அளவு பேட்டரி கிட்டத்தட்ட 6 போதும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 கிலோ. 300 கிலோ ஒரு பக்கம், 72 கிலோ இன்னொரு பக்கம். கடைசி ஒரு கிலோமீட்டருக்கு வண்டி போகாது என்றால் இதற்கு மேல் நீங்கள் படிக்கவே வேண்டாம்.

இந்த 10 பேட்டரியை 24 வோல்ட்டுக்குக் கோத்தால் ஐந்து வரிசை இணையாக ஓடும். ஈய பேட்டரிக்கு அது நல்லதில்லை, ஒரு வரிசை அதிகம் உழைக்கும், இன்னொன்று சும்மா இருக்கும். ஈயம்தான் என்று முடிவானால் பெரிய 2 வோல்ட் செல்களாக வாங்கி ஒரே வரிசையாகக் கோப்பதே முறை.

என்னைக் கேட்டால், எடையை விடப் பெரிய வித்தியாசம் மூட்டமான வாரங்களில் தெரியும். ஈய பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். மிச்சம் 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும், ஏறஏற அது வாங்கிக்கொள்ளும் கரண்ட் குறைந்துகொண்டே போகும். வெயில் குறைவான நாளில் அந்தக் கடைசிப் பகுதி நிரம்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்படியே இரண்டு மூன்று வாரம் அரைவயிற்றோடு கிடந்தால் தட்டுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகும், அந்தக் கொள்ளளவு திரும்பாது. என் முதல் பேட்டரிகள் செத்தது இப்படித்தான். அப்போது மீட்டரைப் பார்த்து ‘பாதிக்கு மேல் இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருந்தேன். லித்தியத்துக்கு அரைவயிறு ஒரு பொருட்டே இல்லை, பாதி நிரம்பிய நிலையில் வாரக்கணக்கில் நின்றாலும் கெடாது.

சரி, பராமரிப்பு. திறந்த வகை ஈய பேட்டரிக்கு மாதம் ஒருமுறை மூடிகளைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்க்க வேண்டும். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அழுத்தி விட்டால் அமிலம் கண்ணாடிக் குழாயில் ஏறும், உள்ளே மிதவை ஆடி நிற்கும். நிரம்பிய செல்லில் 1.265 காட்டும். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றை விட 0.05 குறைவாகக் காட்டினால் அதைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. சட்டையில் தெறித்த துளி அன்று தெரியாது, துவைத்து எடுத்த பிறகுதான் ஓட்டை தெரியும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வேறு வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். அதனால் காற்றோட்டமுள்ள தனி இடம் தேவை. லித்தியத்தில் இந்த வேலைகள் எதுவும் இல்லை.

லித்தியம் சறுக்கும் இடங்களும் உண்டு. 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே உலோக லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். உறைபனி விழும் ஊரில், சூடு இல்லாத கொட்டகையில் பேட்டரி வைக்கப் போகிறீர்கள் என்றால் ஹீட்டர் பட்டை உள்ளதை வாங்க வேண்டும், இல்லையென்றால் ஈயம்தான் சரி. நிரம்பிய ஈய பேட்டரி கடும் குளிரையும் தாங்கும் (காலியானது உறைந்து வெடிக்கும், அது வேறு கதை). வெப்பத்தில் நிலைமை மாறும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது.

தீரும் விதமும் வேறு. ஈய பேட்டரி தீரும்போது வோல்ட் மெல்ல இறங்கும், இன்வெர்ட்டர் முனகும், நமக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கும். 12 வோல்ட் லித்தியத்தில் 80 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்கு இறங்கினாலும் வோல்ட் சுமார் 0.3தான் மாறும். அப்புறம் திடீரென்று பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) துண்டித்துவிடும், வீடே இருட்டாகும். எனவே லித்தியத்துக்கு வோல்ட் மீட்டரை நம்பாதீர்கள், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷண்ட் மானிட்டர் வாங்குங்கள்.

‘முதலில் மலிவான ஈயத்தில் பழகு, பிறகு மாறு’ என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பழகுகிறவன் செய்யும் தவறு பட்டினி போடுவது, அதை மன்னிக்காத பேட்டரி ஈயம். ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று என்றால், ஈயம் சுமார் 500 முதல் 1200 சுற்று வரும், லித்தியம் 3000க்கு மேல் போகும். வருடம் முழுவதும் குடியிருக்கும் வீட்டுக்கு லித்தியம். ஜெனரேட்டர் வைத்து வாரம் ஒருமுறையாவது முழுக்க நிரப்ப முடியும், கைவேலைக்கும் அலுக்க மாட்டீர்கள், கையில் பணம் குறைவு என்றால் ஈயம். பழையது, புதியது கலந்து மட்டும் வாங்காதீர்கள், பழையது புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும்.

லித்தியம் என்று முடிவானால் இன்னொரு செலவு: ஃப்யூஸ். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், காருக்குப் போடும் சாதாரண ஃப்யூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி அணையாமல் ஓடக்கூடும். கிளாஸ்-டி (Class T) வகையை, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் மாட்டுங்கள்.