கீறலை நீக்குவதாகச் சொல்லி கிளியர் கோட்டைத் தேய்த்துவிட்டார்கள்: பாலிஷுக்குக் கார் கொடுப்போர் கவனத்துக்கு

கோவையில் கார் டீடெய்லிங் (வண்டியைச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் வேலை) செய்யும் ஒரு கடையில், மெல்லிய கீறல்களை நீக்கி அதன் மேல் செராமிக் கோட்டிங் எனும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சும் போட்டுத் தருவதாகச் சொல்லி என்னிடம் 22,000 ரூபாய் வாங்கினார்கள். கீறல்கள் போகவில்லை, தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்தான் போயிற்று. இதே வேலைக்கு வண்டியைக் கொடுக்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது கறுப்பு நிறக் கார். தினமும் துடைக்கும் துணியில் ஒட்டிய மணலால் பானெட்டிலும் கதவுகளிலும் நுண்ணிய கோடுகள் விழுந்திருந்தன. நகத்தால் தடவினால் தட்டுப்படாதவை, வெயிலில் மட்டும் கண்ணுக்குத் தெரிபவை. நகம் தட்டாத கீறல் பெரும்பாலும் நிறப் பூச்சுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோடு நின்றுவிடும் என்பதால், முறையான பாலிஷில் அது போய்விடக்கூடியதே. ஆனால் பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதன்று. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து, கீறலின் ஆழத்துக்கு இறக்கிச் சமப்படுத்துவது. அந்தக் கிளியர் கோட்டோ ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் தடிமன் உடையது, அதாவது ஒரு தலைமுடியைவிட மெல்லியது. ஒருமுறை தேய்த்தது திரும்பி வராது. இதைத் தெரிந்தவர் தடிமனை அளக்காமல் மெஷினைத் தொட மாட்டார்.

அந்தக் கடையில் அளக்கவே இல்லை. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளி பேடை மாட்டி, கரகரப்பான ரப்பிங் காம்பவுண்டை வைத்து, பானெட்டின் விளிம்பிலும் கதவின் மடிப்புக் கோட்டிலும்கூட அதே அழுத்தத்தில் ஓட்டியிருக்கிறார்கள். விளிம்புகளில் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். உராய்வின் சூடும் அங்கேதான் சேரும். அதிர்ந்துகொண்டே சுழலும் டூயல் ஆக்ஷன் மெஷினில் இந்த ஆபத்து மிகவும் குறைவு. ஆனால் வேலை மெதுவாக நடக்கும், கடைக்கு நேரம் பிடிக்கும்.

வண்டியை மாலையில், கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் ஒப்படைத்தார்கள். கண்ணாடியாக மின்னியது. சில வாட்டர் வாஷுக்குப் பின் பழைய கோடுகள் அத்தனையும் திரும்பி வந்தன. கூடவே பஃபிங் மெஷின் போட்ட வளைந்த நிழல் தடங்களும், பானெட் விளிம்பில் மங்கலான ஒரு பட்டையும் தெரிந்தன. எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷ் கீறலுக்குள் தங்கி அதை மறைத்திருந்தது. எண்ணெயைத் துடைத்தெடுக்காமல் அதன் மேலேயே கோட்டிங்கைப் பூசியதால் அதுவும் ஒட்டிப் பிடிக்கவில்லை. வேறோர் அனுபவமுள்ள பெயின்டர் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தபோது, பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து கூரையில் 120 மைக்ரானுக்கு மேல் காட்டியது, பானெட் விளிம்பில் 70-க்குச் சற்று மேல்தான் காட்டியது. அங்கே கிளியர் கோட் ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது, பானெட்டை முழுமையாக மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

கடைக்காரரிடம் கேட்டபோது, "உங்க பெயின்ட் ஏற்கெனவே வீக்கா இருந்துச்சு சார்" என்றார். அப்படியானால் வேலைக்கு முன் எடுத்த அளவைக் காட்டுங்கள் என்றேன். காட்ட அவரிடம் எதுவும் இல்லை. அதன் பிறகு என் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஆகவே, வேலைக்கு முன் ஒவ்வொரு பாகத்தின் தடிமனையும் மீட்டரில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது என்பதால், அங்கே இன்னும் மென்மையாகச் செய்யச் சொல்வது நல்லது. முதலில் ஒரு சிறிய இடத்தில் மட்டும், மென்மையான பேடும் பாலிஷும் வைத்துச் செய்து காட்டட்டும். மிக முக்கியமாக, கோட்டிங் பூசுவதற்கு முன் எண்ணெய்ப் பசையை எடுக்கும், தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லி, வண்டியை வெயிலில் நிறுத்தி நீங்களே பாருங்கள். நிரப்பி மறைத்த கீறல் அப்போதே வெளிப்பட்டுவிடும். செராமிக் கோட்டிங் ஓரிரு மைக்ரான் அளவே உள்ளது, அது கீறலை நீக்காது. விளம்பரத்தில் சொல்லும் 9ஹெச் என்பது பென்சில் கொண்டு சோதிக்கும் கடினத்தன்மையே. கல்லும் மணலும் கீறாது என்பதற்கான உறுதியன்று. இவற்றுக்கெல்லாம் தயங்கும் கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லையும், பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களையும், இன்னொருவர் எழுதித் தந்த அளவையும் சேர்த்து வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் பதிவு செய்யலாம். நான் கடைக்குப் பதிவு அஞ்சலில் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பானெட்டுக்கு ஆகும் பெயின்ட் செலவைத் தர மறுத்தால் ஆணையத்துக்குச் செல்கிறேன்.