வேர்ட்டிக்கல் பூட்டியவர் எஸ்டபிள்யூஆர் 1.1 காட்டினால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு காணியில், அமெச்சூர் வானொலியின் 40 மீற்றர் பட்டைக்கு இரண்டு கால் அலை வேர்ட்டிக்கலை (செங்குத்தாக நிற்கும் அன்ரனாக் கம்பம், உயரம் அலைநீளத்தின் நாலில் ஒன்று) பூட்டி, வீச்சு ஐரோப்பாப் பக்கம் போகுமாறு கேபிளால் ஊட்டித் தருவதாக ஒருவர் பொறுப்பெடுத்தார். ஒவ்வொரு கம்பத்தையும் தனித்தனியே எஸ்டபிள்யூஆர் மீற்றரில் போட்டு (கேபிளுக்கும் கம்பத்துக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டுவது, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 காட்டினார், காசை வாங்கினார், போய்விட்டார். ஆளின் பெயர் இங்கே வேண்டாம். செய்த வேலையைச் சொன்னால், அடுத்த காணியில் அதே கையை அடையாளம் காணலாம்.

முதல் சந்தேகம் அந்த 1.1தான். நிலத்தடி வயர் ஒழுங்காக இருந்தால் கால் அலைக் கம்பம் 36 ஓம் அளவில் நிற்கும், 50 ஓம் கேபிளில் 1.4 வரும். (அளக்கும்போது மற்றக் கம்பத்தின் அடியைக் கழற்றிவிட வேண்டும்.) 50 ஓம் காட்டினால் மிச்சம் 14 ஓம் மண்ணின் இழப்பு. 100 வாட் கொடுத்தால் 28 வாட் வன்னிச் செம்மண்ணைச் சூடாக்கப் போகிறது, கோடையில் அது ஏற்கெனவே போதுமான அளவு சூடு.

பேசியது கம்பத்துக்கு 16 ரேடியல் (கம்பத்தடியிலிருந்து நாலாபக்கமும் ஓடும் அந்த நிலத்தடி வயர்), ஒவ்வொன்றும் 8 மீற்றர். இரண்டுக்குமாக 256 மீற்றர் வயர். கம்பத்தடியில் 16 நுனியும் வடிவாகத் தெரிந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் இரண்டு முழத்தில் மறுநுனி மண்ணோடு கையில் வந்தது. முழு நீளத்துக்கு ஓடியவை நான்குதான். வெட்டுக்கத்தியால் சுரண்டினால் செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை: செம்பு பூசிய அலுமினியம். ஈர மண்ணில் அது கன காலம் நிற்காது.

அடுத்தது கேபிள். கம்பங்களுக்கு இடையே 10.56 மீற்றர். வீச்சை ஒரு பக்கம் திருப்ப ஒரு கம்பத்தின் மின்னோட்டம் மற்றதற்கு 90 பாகை பிந்த வேண்டும். இந்த முறையில் 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு கம்பத்துக்கும் 84 பாகைக் கேபிள் துண்டு (முழு அலைநீளம் 360 பாகை), ஒன்றுக்கு மட்டும் கூடுதலாக 71 பாகைத் துண்டு, எல்லாம் 50 ஓம். 90 பாகைக் கேபிள் போட்டால் 90 பாகை பிந்தும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கம்பங்கள் ஒன்றையொன்று பாதிப்பதால் வீச்சுப் போகும் பக்கத்துக் கம்பம் ஏறக்குறைய 51 ஓம், மற்றது 21 ஓம், இரண்டிலும் எதிரெதிர் ரியாக்டன்ஸ் (அலைவரிசையோடு மாறும் தடைப் பகுதி) வேறு. எந்தக் கேபிளுக்கும் அது பொருத்தமான சுமை இல்லை.

உள்ளே கெட்டியான பொலித்தீன் உள்ள ஆர்ஜி-58 கேபிளுக்கு வேகக் காரணி (சிக்னல் உள்ளே ஓடும் வேகம், ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு) 0.66, ஆக 6.50 மீற்றரும் 5.50 மீற்றரும். இவர் அந்த நீளத்தை அச்சொட்டாக வெட்டியிருந்தார், ஆனால் 0.82 உள்ள நுரைக் கேபிளில்! 84 பாகை 68 ஆகிவிட்டது, 71 பாகை 57.

நாடா பிடித்து அளந்தால் இது தெரியாது. துண்டின் மறுமுனையைத் திறந்து விட்டு அன்ரனா அனலைசரில் போடுங்கள். தடை கிட்டத்தட்டச் சுழியமாகும் முதல் அலைவரிசை 84 பாகைத் துண்டுக்கு 7.61 மெகாஹெர்ட்ஸ், 71க்கு 9.00. துண்டுக்கு ஒரு நிமிட வேலை.

போதாததற்கு 71 பாகைத் துண்டு தென்கிழக்குக் கம்பத்தில் பூட்டியிருந்தது. அந்தத் துண்டு உள்ள கம்பம்தான் பிந்தி ஓடும், பிந்தி ஓடும் கம்பத்தின் பக்கம்தான் வீச்சுப் போகும். ஐரோப்பா கேட்க வேண்டிய அன்ரனா அவுஸ்திரேலியாவைப் பார்த்துக்கொண்டு நின்றது.

திருத்தும்போது இரண்டு கம்பத்தின் ரேடியல்களும் நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு வெற்றுச் செம்புக் கம்பியை இழுத்து, எல்லாவற்றையும் அதில் ஈயம் வைத்து ஒட்டுங்கள், ஒன்றன்மேல் ஒன்று போட்டு விடாதீர்கள். கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணிக்கு வெளியே ஒரு சாண்கூடத் தோண்ட வேண்டாம். உழவு இயந்திரம் ஏறும் பக்கம் இருந்தால் ரேடியலை அங்கே ஓட விடாதீர்கள்.

மீதிக் காசுக்கு முன் ஒரு சோதனை: தென்கிழக்கே சில கிலோமீற்றர் தள்ளி உரிமமுள்ள நண்பர் ஒருவரைக் குறைந்த வலுவில் அனுப்பச் சொல்லுங்கள். 71 பாகைத் துண்டைக் கம்பம் மாற்றித் திசையைத் திருப்பும் ரிலேயை ஐரோப்பாப் பக்கம் போடும்போது, சிக்னல் பலம் காட்டும் எஸ் மீற்றர் குறைந்தது மூன்று எஸ் விழ வேண்டும். இந்தக் காணியில் அரை எஸ்கூட விழவில்லை. கேபிள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், கேபிளின் வெளிச்சுற்றுக் கம்பிப் பின்னலை முறுக்கி உள்ளே தள்ளி மேலே இன்சுலேசன் ரேப் சுற்றியிருந்தது, ஈயம் ஒரு துளி இல்லை. மாரி முடிவதற்குள் பின்னலுக்குள் தண்ணீர், ரேப்புக்குள் கறையான் மண்.