கற்றையை வாசலில் ஏற்பது: ஜோர்ஜ்டவுனில் இரண்டு சனிக்கிழமை வகுப்பு

பினாங்கின் லெபோ பாசார் தெருவுக்கு அருகே ஒரு கடைவீட்டின் மாடியில், இரண்டு சனிக்கிழமைகள், பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, 120 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் தமிழில் நடைபெற்ற, அணுத்துகள்களை விரைவுபடுத்தும் துகள் முடுக்கிகளைப் பற்றிய வகுப்புக்குச் சென்று வந்தேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்கான லினாக் (நேர்கோட்டு முடுக்கி) இயந்திரங்களைப் பராமரிப்பது என் தொழில். ஆகவே, 'உட்செலுத்தலும் கற்றைக் கடத்தலும்' (துகள்களின் ஓட்டமான கற்றையை ஒரு முடுக்கியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுசென்று உள்ளே செலுத்துவது) என்ற தலைப்பைக் கண்டதும் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். முதல் நாள் வகுப்பு மட்டுமே கொடுத்த பணம் முழுவதற்கும் தகும். இரண்டாம் நாளில் எனக்குக் குறை உண்டு.

ஆசிரியர் ஓய்வு பெற்ற இயற்பியல் விரிவுரையாளர். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் எல்எச்சி எனும் தன் பெருவளைய முடுக்கிக்குக் கற்றை அனுப்பும் சிறிய முடுக்கிகளை 2019 முதல் 2021 வரையிலான நீண்ட நிறுத்தத்தின்போது எவ்வாறு மேம்படுத்தியது என்பதையே பாடத்தின் முதுகெலும்பாக வைத்திருந்தார். 1978 முதல் உழைத்த லினாக் 2, 50 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் புரோட்டான்களைத் தந்தது. அதன் இடத்துக்கு வந்த 86 மீட்டர் நீள லினாக் 4, 160 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் எதிர்மின் ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது ஒரு புரோட்டானோடு இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்தவற்றை, தருகிறது. ஆற்றலை ஏன் கூட்டினார்கள் என்பதை அவர் வெறும் வாய்ச்சொல்லாக விட்டுவிடவில்லை. மெதுவாகச் செல்லும் கற்றையில் ஒரே மின்னூட்டத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக் கற்றையைக் குலைக்கும். அந்தக் குலைவு, ஒளிவேகத்தின் பங்காகச் சொன்ன வேகத்தையும், வேகத்தோடு பெருகும் சார்பியல் காரணியான காமாவின் வர்க்கத்தையும் பெருக்கி வரும் எண்ணுக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று சொல்லி, வெள்ளைப்பலகையில் இரண்டு ஆற்றல்களுக்கும் கணக்கிடச் செய்தார். அந்த எண் பழைய ஆற்றலுக்கு 0.35, புதியதற்கு 0.71 என்று வந்தது. அதே குலைவுக்கு இரண்டு மடங்கு அடர்த்தியான கற்றையைத் தாங்கலாம் என்பது எங்கள் கையாலேயே வந்த விடை என்பதால் மனத்தில் நின்றுவிட்டது.

அடுத்து வந்த பகுதிதான் வகுப்பின் உச்சம். பழைய முறையில், புதிய புரோட்டான்களை, லினாக்கை அடுத்த பூஸ்டர் வளையத்தில் ஏற்கெனவே சுற்றுபவற்றின் பக்கத்தில்தான் இடம் தேடி வைக்க முடியும். அதில் கணிசமான பங்கு செப்டம் எனும் மெல்லிய தடுப்பில் மோதி வீணாகும். இதை விளக்கிவிட்டு, ஒரு பிங்பாங் பந்தில் இரண்டு ஒட்டுப்பொட்டுகளை ஒட்டி, 'இதுதான் வருகிற அயனி' என்று காட்டினார். மின்னூட்டம் எதிரானது என்பதால், ஒரே காந்தம் அயனியை ஒரு பக்கமும் சுற்றும் புரோட்டானை மறுபக்கமும் வளைத்து, இரண்டையும் ஒரே பாதையில் சேர்க்கிறது. அங்கே நிற்கும், ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் தடிப்புள்ள கரித்தகடு இரு எலக்ட்ரான்களையும் உரித்துவிடுகிறது. பொட்டுகளைக் கிள்ளி எடுத்ததும் வெறும் பந்து மிஞ்சியது. நிரம்பிய இடத்திலேயே மேலும் நிரப்ப முடிவதன் சூட்சுமம் அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த மாணவி, "சார், தகடு கிழிந்துபோனால்?" என்று கேட்டார். "மாற்றுத் தகடுகள் உள்ளேயே தயாராக இருக்கும்மா, பட்டையை நகர்த்தினால் போதும்" என்று பதில் வந்தது.

இரண்டாம் நாள் கடத்துவழிகளோடு தொடங்கியது. பெருவளையத்துக்கு முந்தைய முடுக்கியான எஸ்பிஎஸ் வளையத்திலிருந்து 450 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் கற்றையைப் பெருவளையத்துக்குக் கொண்டுசெல்லும் இரண்டு வழிகளும் சேர்ந்து 5.6 கிலோமீட்டர் நீளம் என்பதையும், அவற்றின் காந்தங்களில் பெரும்பகுதி நோவோசிபிர்ஸ்கில் செய்யப்பட்டது என்பதையும் சொல்லி, படங்களை வேகமாக நகர்த்தினார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் எதிர்பார்த்து வந்த கிக்கர் காந்தங்களுக்கு எஞ்சியது வெறும் நாற்பது நிமிடம்.

கிக்கரின் வேலை கடினமானது. சுற்றும் கற்றையைத் தொடாமல், 0.9 மைக்ரோவினாடிக்குள் முழு வலிமைக்கு எழுந்து, ஏறத்தாழ 8 மைக்ரோவினாடி நிலையாக நின்று, வருகிற துகள் கொத்துகளை வளையப் பாதையில் அமர்த்த வேண்டும். அதற்கான பல ஆயிரம் ஆம்பியர் மின்துடிப்பைத் திறந்துவிடுபவை தைரட்ரான் எனும் அதிவேக மின்சுவிட்சுக் குழாய்கள். என் லினாக் இயந்திரத்தில் மின்துடிப்பு தரும் மாடுலேட்டரிலும் அவற்றின் உறவினர் ஒருவர் இருந்து என் தூக்கத்தைக் கெடுக்கிறார். பெருவளையத்தின் முதல் ஓட்டத்தில், சுற்றும் கற்றையே கிக்கரின் காந்த உள்ளகமான ஃபெரைட்டைச் சூடாக்கியதால், அது ஆறும்வரை அடுத்த நிரப்பலுக்குக் காத்திருக்க நேர்ந்தது. அந்த வெப்பத்தை நீரால் குளிர்விக்கப்படும் உருளைக்குத் திருப்பிவிடும் புதிய வடிவமைப்பு பின்னர் வந்தது. இவ்வளவு சுவையான பகுதியைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அச்சிட்டுத் தந்த குறிப்பேடும் கவனக்குறைவாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. பூஸ்டர் வளையத்தின் வெளியேற்ற ஆற்றல் ஒரு பக்கத்தில் பழைய 1.4 என்றும், மற்றொரு பக்கத்தில் புதிய 2 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்றும், மாற்றத்தைப் பற்றிய ஒரு வரிகூட இல்லாமல் நின்றது. தேநீரும் வடையும் நன்றாக இருந்தன. குளிரூட்டியின் இரைச்சலில் பின்வரிசைக்குப் பாதிச் சொற்கள் எட்டவில்லை.

தைரட்ரான் தானாகவே தவறான நேரத்தில் துடிப்பைத் திறந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டிருந்தேன். நேரமில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். இத்தகைய வாக்குறுதிகளை நான் நம்புவதில்லை. செவ்வாய் இரவு, கையால் வரைந்த சுற்றுப்படம் ஒன்று வந்தது. துடிப்புக்கான மின்னாற்றலைத் தேக்கும் வலையமைப்பைச் செலுத்தலுக்குச் சற்று முன்னர் மட்டுமே மின்னேற்றுவதால் குழாய் உயர்அழுத்தத்தில் காத்திருக்கும் நேரம் சுருங்குகிறது என்றும், அப்படியும் தப்பும் கற்றையை ஏற்கத் தடுப்புத் தொகுதி உள்ளது என்றும் ஓரத்தில் எழுதியிருந்தார்.