கொள்முதல் ஒப்பந்தத்துக்கு நான்கு நட்சத்திரம், பில் ஆஃப் லேடிங்குக்கு ஒன்று

இறக்குமதி வேலையில் இருக்கிறேன். விலை, தரம், டெலிவரி தேதி மூன்றையும் வரிக்கு வரி பார்ப்பேன். வழக்கு வந்தால் எந்த நாட்டுக் கோர்ட் என்கிற ஷரத்து கடைசிப் பக்கத்தில் வரும். அதற்குள் கை பேனாவைத் தேட ஆரம்பித்துவிடும். அப்படிக் கையெழுத்துப் போட்டு ஒரு முறை நன்றாகப் பட்டுவிட்டேன். அதனால்தான், ஒப்பந்தத்தை ஏற்றினால் வக்கீல் படித்து அறிக்கை தருகிற இந்த இணையச் சேவைக்குக் காசு கட்டினேன். பெயர் வேண்டாம்.

கொடுத்தது இரண்டு: ஒரு இயந்திரக் கொள்முதல் ஒப்பந்தம், அந்த இயந்திரம் கப்பலில் வருவதற்கான பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தருகிற ஆவணம்.

முதல் அறிக்கை பிரமாதம். ‘விற்பவர் நாட்டு நீதிமன்றங்களின் அதிகார வரம்புக்கு இரு தரப்பும் உட்படும்’ என்ற வரியில் ‘மட்டுமே’ இல்லை என்று மஞ்சள் அடித்துக் காட்டியிருந்தார்கள். அது இல்லாவிட்டால், அங்கேயும் போடலாம், வேறு இடத்திலும் போடலாம் என்று வாதாட வழியுண்டு. எங்கே வழக்குப் போடுவது என்பதற்கே ஒரு வழக்கு! ஆனால் எந்த நாட்டுக் கோர்ட் என்று ஒப்பந்தத்திலேயே தேர்ந்தெடுப்பது பற்றிய 2005 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே கதை தலைகீழ். ஒரு நாட்டின் நீதிமன்றத்தைக் குறிப்பிட்டாலே, வேறு மாதிரி வெளிப்படையாக எழுதாதவரை, ‘அங்கே மட்டும்’ என்றுதான் அர்த்தம். 2015 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறதாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

ஷரத்தை விட்டுத்தள்ளி என் நாட்டிலேயே வழக்குப் போட்டால் என்ன என்று கேட்டிருந்தேன். அதற்கு 1972இன் பிரெமென் வழக்கைச் சொன்னார்கள். எண்ணெய் தோண்டும் மேடை ஒன்றை லூசியானாவிலிருந்து இத்தாலியின் ரவென்னாவுக்கு ஜெர்மன் இழுவைக் கப்பல் இழுத்துப் போகிறது. மெக்சிகோ வளைகுடாவில் புயல், மேடைக்குச் சேதம், டாம்பாவில் ஒதுங்குகிறார்கள். மேடைக்காரர் அங்கேயே வழக்குப் போட்டார், ஒப்பந்தத்திலோ லண்டன். ஷரத்து செல்லும், அது நியாயமற்றது என்றோ மோசடியால் வந்தது என்றோ சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். படித்ததும் என் ஆசை அடங்கிவிட்டது.

இரண்டாவது அறிக்கையைத் திறந்தால் அதே ஹேக் பத்தி, எழுத்து மாறாமல். அந்த உடன்படிக்கையின் 2ஆவது பிரிவே சரக்குப் போக்குவரத்தை விலக்கி வைத்திருக்கிறது! முதல் அறிக்கையோடு அவர்களே இணைத்திருந்த உரையைப் படித்துத்தான் இதைக் கண்டேன். ‘விற்பவர்’ என்ற சொல்லைக்கூட மாற்றவில்லை. பில் ஆஃப் லேடிங்கில் ஏது விற்பவர்? கப்பல் கம்பெனியின் ஷரத்து பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் திருப்பியதாகவே தெரியவில்லை.

சாட்டில் கேட்டால், ‘எங்கள் நிபுணர் பார்த்துவிட்டார்’ என்று பதில். பிரிவு எண்ணைப் போட்டு மெயில் அனுப்பிய பிறகுதான் மன்னிப்பும், மூன்று நாளில் புது அறிக்கையும் வந்தன. பணம் திரும்பவில்லை.

இன்னொரு குறை: எதிர்த்தரப்பின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறது என்று எந்தப் படிவத்திலும் கேட்கவில்லை. தீர்ப்பு கைக்கு வந்தபின் வசூலிக்கப் போவது அங்கேதானே?

அடுத்த கொள்முதல் ஒப்பந்தத்தை இவர்களிடமே கொடுப்பேன். பில் ஆஃப் லேடிங்கை மட்டும் கப்பல் வழக்குப் பார்க்கிற வக்கீல் ஒருவரிடம் கொண்டுபோய்விட்டேன். அவர் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பினார்.